மழுங்காத சிரிப்பு

உயரம் இரண்டடிக்குச் சற்று மேல். முன்னால் வரிசையாக விசைகள், கீழே காலால் மிதிக்க ஒரு பெடல், யாரும் திறந்துவிடாமல் இருக்கப் பூட்டு. உள்ளே 32 டேப் சுருள்கள். சுருளுக்குப் பத்து வீதம் 320 சிரிப்புகள் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு விசையைத் தொட்டால் பெண்கள் களுக்கென்று சிரிப்பார்கள். இன்னொன்றைத் தொட்டால் ஆண்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பெடலை மிதிக்கும்வரை சிரிப்பு நீளும். காலை எடுத்தால் அடங்கும். அடங்கும்போது கத்தரித்ததுபோல் தெரியக் கூடாதே என்று, சிலர் மட்டும் மெல்லச் சிரித்துக்கொண்டிருக்கும் சுருள் ஒன்று தனியாக உண்டு.

சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் 1950களில் கட்டிய இந்தப் பெட்டிக்கு ‘லாஃப் பாக்ஸ்’ என்று பெயர். சிட்காம் என்னும் நகைச்சுவைத் தொடர்களில் பின்னணியில் ஒரு கூட்டம் சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி பல ஆண்டுகள் இந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வந்தது. இதைத் திட்டி எழுதியவர்கள் ஏராளம். நானும் சேர்ந்து ஒரு கல் எறிய வேண்டியதில்லை. இதன் பெருமைகளை ஒன்றுவிடாமல், உள்ளது உள்ளபடி சொல்லிவிட ஆசைப்படுகிறேன். ஒரு சொல்லும் மிகையாக இருக்காது.

முதலில் அந்த மனிதரின் கைவேலை. டக்ளஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக ராடார் வேலை பார்த்தவர். போர் முடிந்து சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு வந்தார். அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருப்பதும், சின்ன விஷயத்துக்குப் பெரிதாகச் சிரித்துவிடுவதும் அங்கே தினசரித் தலைவலி. நடிகர் வசனத்தைத் தவறவிட்டு மறுபடி எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஜோக் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இரண்டாவது டேக்கில் கூட்டத்தின் சிரிப்பு பாதியாகிவிடும். டக்ளஸ் குறைந்த இடத்தில் கூட்டினார், மிஞ்சிய இடத்தில் குறைத்தார். அந்தத் தொழிலில் இதற்கு ‘ஸ்வீட்டனிங்’ என்று பெயர், அதாவது சர்க்கரை போடுவது.

நல்ல சிரிப்பு எங்கே கிடைக்கும் என்பதிலும் அவருக்கு நுட்பமான காது. ரெட் ஸ்கெல்ட்டன் என்ற நகைச்சுவை நடிகர் பேசாமல் அபிநயம் மட்டுமே பிடிக்கும் காட்சிகள் உண்டு. வசனமே இல்லாததால் அங்கே கூட்டத்தின் சிரிப்பு வேறெந்த ஓசையும் கலக்காமல் சுத்தமாகக் கிடைக்கும். டக்ளஸ் அதை அள்ளிக்கொண்டார். பின்னாளில் சொந்தமாகத் தொழில் தொடங்கி, கூப்பிட்ட ஸ்டுடியோவுக்கெல்லாம் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். நடுவில் பெட்டி மக்கர் செய்தால் அதைக் கழிப்பறைக்குள் தள்ளிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சரிசெய்வார்களாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தயாரிப்பாளர்களுக்கே தெரியாது. 1992இல் அவருக்குத் தொழில்நுட்பத்துக்கான எம்மி விருது கொடுத்தார்கள். தகுதியான கைக்குத்தான் போனது. விசைகளை வாத்தியம்போல் வாசித்து, ஒரு முழு அரங்கைத் தனி ஆளாக உண்டாக்குவது சாமானிய வித்தை இல்லை.

பெட்டியின் தலையாய பெருமை, அது யாரையும் ஏமாற்றியதே இல்லை. 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்னால் நடிக்க வேண்டும், அதை மூன்று கேமராக்களில் ஃபிலிமில் பிடிக்கவும் வேண்டும் என்று முடிவானதும் எத்தனை பாடு! ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் ஃப்ராய்ண்ட் வந்து, மூன்று கேமராவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற மாதிரி விளக்கு அமைத்துக் கொடுத்தார். ஜனங்களுக்குப் படிக்கட்டு இருக்கை போட வேண்டியிருந்தது. படப்பிடிப்புக்கு முன் தொடரின் நாயகன் டெசி அர்னாஸே வந்து அவர்களோடு பேசி, அவர்களைக் கலகலப்பாக்க வேண்டியிருந்தது. இத்தனையும் செய்தபிறகும் அன்றைக்கு அவர்கள் சிரிப்பார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெட்டிக்கு இருக்கை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், உபசாரம் வேண்டாம். இரண்டாவது டேக்கிலும் முதல் டேக்கின் சிரிப்பே வரும், இருபதாவதிலும் அதே. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. முன்வரிசையில் இருமாது. ஜோக் புரியாமல் பக்கத்து ஆளைப் பார்க்காது. நூறு எழுத்தாளர்களின் நூறு வசனத்துக்கும் ஒரே விசுவாசம். எழுதியவரை ஒரு நாளும் அவமானப்படுத்தியதில்லை. ‘இது போதாது, இன்னொரு தடவை எழுதிப் பாரேன்’ என்று அது யாரிடமும் சொன்னதில்லை.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்ன பாட்டு நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதாகப் போயிருந்தார். தொண்டைமான் பெருமையாகத் தன் ஆயுதங்களைக் காட்டினான். ஔவையார் அவற்றைப் புகழ்ந்தார். மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன என்றார். எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்றார். வஞ்சப்புகழ்ச்சிக்கு வாத்தியார்கள் காட்டுகிற பாட்டு இது. எனக்கு அதில் வியப்பு, ஔவை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான். அந்த ஆயுதங்கள் அழகாகத்தான் இருந்தன. நெய்ப்பூச்சும் உண்மை, மாலையும் உண்மை. இந்தப் பெட்டியின் முன்னால் நிற்கும்போது எனக்கும் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் இருக்கிறது.

நுனி ஒடிந்த வேல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை எடுத்த அரங்குக்குப் போக வேண்டும். 1994 முதல் பத்தாண்டுகள், கலிபோர்னியாவின் பர்பேங்கில், உண்மையான கூட்டத்தின் முன்னால் எடுத்தார்கள். ஒரு வசனத்துக்குச் சிரிப்பு வராவிட்டால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வேறு வரி எழுதித் தருவார்கள். நடிகர்கள் மறுபடி நடிப்பார்கள். அதுவும் எடுபடாவிட்டால் இன்னொன்று. இரவு நீண்டுகொண்டே போகும். 1998இல் லண்டனில் எடுத்தபோது, ஒரு படுக்கையில் கதையில் வரும் நண்பன் சாண்ட்லருக்குப் பக்கத்தில் தோழி மோனிகா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். அரங்கம் ஆர்ப்பரித்த ஆர்ப்பரிப்பில் எழுத்தாளர்களே திகைத்துப்போனார்கள். அந்த உறவைச் சின்ன விளையாட்டாக முடித்துவிடத்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். ஜனங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டபிறகு அது கல்யாணம்வரை போனது. லண்டனில் அன்றைக்கு வந்து உட்கார்ந்த, பெயர் தெரியாத ஜனங்கள் ஒரு கதையின் போக்கைத் திருப்பினார்கள். லாஃப் பாக்ஸ் இப்படி யார் கதையிலும் தலையிட்டதில்லை. அடக்கமான பெட்டி.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் இந்தச் சிரிப்பைப் பற்றி எத்தனை விதமாகப் பேசினாலும், அம்மா சொன்னதற்கு மேல் வலுவான கட்சி ஒன்றை நான் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஆறு மாதம் போயிருந்தாள். பாதிக்கு மேல் குளிர்காலம். தங்கையும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம். வெளியே பனி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, கீரைக்காரி குரல் இல்லை, கோயில் மணி இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணை வீட்டில் அறுபது வருஷம் இருந்தவளுக்கு அந்த அமைதி காதை அடைத்திருக்கிறது. டிவியைப் போட்டால் பழைய சிட்காம்கள் ஒன்று மாற்றி ஒன்று ஓடும். அம்மாவுக்கு அந்த வேகத்து ஆங்கிலம் பிடிபடாது. ஆனாலும் விடாமல் பார்த்தாள். நான் மூன்று வாரம் போயிருந்தபோது கேட்டேன், “என்னம்மா புரியுது இதுல?”

“என்னமோ பேசறாங்க. ஆள் சத்தம் கேக்குதுல்ல.”

பேத்திக்கு அப்போது பதினான்கு வயது. “பாட்டி, அங்க யாரும் சிரிக்கல. அது மெஷின்” என்றாள்.

“மெஷினா இருந்தா என்ன கண்ணு, சிரிக்குதுல்ல? இந்த ஊர்ல வேற யாரு சிரிக்கறா?”

நான் வாயை மூடிக்கொண்டேன். தனிமையில் இருக்கிற ஒரு கிழவிக்கு வீடு நிறைய ஆள் இருப்பதுபோல் காட்டியது எந்தப் பெரிய மனிதரும் அன்றைக்குச் செய்யாத உபகாரம். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் சிரிப்பது சுமார் முப்பது மடங்கு அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார். நம் சிரிப்பு ஜோக்கைவிடப் பக்கத்து ஆளையே அதிகம் நம்பியிருக்கிறது. பக்கத்து ஆள் இல்லாதவருக்குப் பெட்டி ஆள் கொடுத்தது. இந்தப் புகழில் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது துணை. பெட்டி அவளுக்காகக் கட்டப்பட்டதன்று. விளம்பரதாரர் முன்னால் ஒரு தொடர் தோற்றுவிடக் கூடாது என்பதற்காகக் கட்டப்பட்டது. வழியில் அம்மாவுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

அதன் ஆற்றல் 1965இல் சோதித்தே நிரூபிக்கப்பட்டது. ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ என்ற புதிய தொடரின் முதல் பகுதியை சிபிஎஸ் இரண்டு விதமாகப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டியது. ஒன்றில் பின்னணிச் சிரிப்பு உண்டு, மற்றதில் இல்லை. சிரிப்பில்லாதது படுதோல்வி. சிரிப்புள்ளது தேறியது. தொடர் சிரிப்போடு ஒளிபரப்பானது, ஆறு ஆண்டுகள் ஓடியது. கதை நடக்கும் இடம் நாஜி ஜெர்மனியின் போர்க்கைதி முகாம். அந்த முள்வேலிக்குள்ளும் நம்மைச் சிரிக்க வைக்கும் வல்லமை பெட்டிக்கு இருந்தது. வல்லமைக்கு வேறென்ன சான்று வேண்டும்? எனக்கு மட்டும் அந்தத் தோற்ற பதிப்பைப் பார்த்தவர்கள்மேல் ஒரு மரியாதை. ‘இது சிரிப்பா, இல்லையா?’ என்று தாங்களே முடிவு செய்ய வேண்டியிருந்தபோது அவர்கள் தயங்கியிருக்கிறார்கள். கைதி முகாமின் முன்னால் தயங்குவது மனிதர் செய்யக்கூடிய காரியம்.

விஞ்ஞானமும் பெட்டிக்குச் சாதகமாகவே பேசுகிறது. 2019இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் நாற்பது மொக்கை ஜோக்குகளை எடுத்து, சிரிப்பொலி சேர்த்தால் ஜனங்கள் எவ்வளவு மதிப்பெண் போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். எந்தச் சிரிப்பைச் சேர்த்தாலும் மதிப்பெண் ஏறியது. நடித்த சிரிப்பைவிடத் தானாக வந்த சிரிப்புக்கு இன்னும் அதிகம் ஏறியது. செய்திகளில் முதல் பாதிதான் பெரிதாக வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது பின்பாதி. எது மனசிலிருந்து வந்தது, எது வரவழைத்தது என்று காதுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இரண்டுக்கும் இணங்கிப் போயிருக்கிறது.

நடிகர்களுக்குப் பெட்டி கற்றுக்கொடுத்த பொறுமையையும் சொல்லியாக வேண்டும். ‘தி ஆட் கப்பிள்’ தொடர் 1970இல் தொடங்கியபோது அரங்கில் கூட்டம் இல்லை. சிரிப்பு பிறகு சேர்ப்பதாக ஏற்பாடு. அதில் நடித்த டோனி ராண்டல் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு, இன்னும் பிறக்காத சிரிப்புக்காக வெறும் செட்டில் சில விநாடி நின்றாக வேண்டும். மேடையில் வளர்ந்த நடிகருக்கு அந்த விநாடிகள் எப்படி இருந்திருக்கும்! ராண்டலுக்கும் சக நடிகர் ஜாக் க்ளக்மனுக்கும் இது அறவே பிடிக்கவில்லை. ஒரு பகுதியைச் சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பிப் பார்த்தார்கள். இரண்டாவது ஆண்டில் பெட்டியை அனுப்பிவிட்டு ஜனங்களை அழைத்து வந்தார்கள்.

பெட்டிக்குக் கால பேதமும் கிடையாது. ‘தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ 1960இல் வந்த கார்ட்டூன், கற்காலக் குடும்பத்தின் கதை. வரைந்த மனிதர்கள் வரைந்த குகையில் பேச, ஒரு கூட்டம் சிரித்தது. அது எங்கே உட்கார்ந்து சிரித்தது என்று குழந்தைகள்கூடக் கேட்கவில்லை. அதற்குள் அவ்வளவு பழகியிருந்தது.

இவ்வளவு சாதித்த பெட்டி ஒரே ஓர் இடத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறது. அதுதான் ‘மேஷ்’.

கொரியப் போரில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையின் கதை. 1972 முதல் 1983 வரை ஓடியது. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டும் ஜீன் ரெனால்ட்ஸும் பின்னணிச் சிரிப்பு வேண்டவே வேண்டாம் என்றார்கள். சிபிஎஸ் விடவில்லை. நகைச்சுவைத் தொடரென்றால் சிரிப்பு இருந்தாக வேண்டும். இழுபறிக்குப் பிறகு ஓர் உடன்பாடு: அறுவை சிகிச்சை அறையில் மட்டும் சிரிப்பு கிடையாது. டாக்டர்கள் அங்கேயும் ஜோக் அடிப்பார்கள். உண்மையில் அங்கேதான் அதிகம் அடிப்பார்கள், கை நடுங்காமல் இருக்க. வெட்டிய வயிற்றின்மேல் குனிந்துகொண்டு சொல்லும் அந்த ஜோக்குகளுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த அறையின் கதவைத் திறந்து வெளியே வந்ததும் கூட்டம் மறுபடி சிரிக்கத் தொடங்கும்.

இந்த உடன்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ரத்தத்தின் முன்னால் இந்தச் சிரிப்பு கூடாது என்று அதை விரும்பிப் போட்டவர்களே ஒப்புக்கொண்ட ஆவணம் அது. ஒரு சுவரைத் தாண்டினால் கூடாதது, சுவருக்கு இந்தப் பக்கம் எப்படிக் கூடும் என்று அவர்களுக்குள் யாராவது கேட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆண்டுகள் போகப் போகச் சில பகுதிகளுக்கு முழுக்கவே சிரிப்பை நீக்கினார்கள். 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேரம் ஓடிய கடைசிப் பகுதியில் பின்னணிச் சிரிப்பு இல்லை. பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். சிரிக்கச் சொல்லித்தர ஆள் இல்லாமல் பத்துக் கோடிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்ததாகத் தகவல் இல்லை.

பிரிட்டனில் இதே தொடரை பிபிசி ஆரம்பத்திலிருந்தே பின்னணிச் சிரிப்பு இல்லாமல்தான் போட்டது. ஆகவே ஒரே தொடரை இரண்டு நாட்டு ஜனங்கள் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கருக்கு அது அவ்வப்போது சோகம் தட்டும் நகைச்சுவை. பிரிட்டிஷாருக்கு அவ்வப்போது சிரிப்பு வரும் போர்க் கதை. வசனம் அதே, முகம் அதே. இரண்டு நாட்டார் உட்கார்ந்து இந்தத் தொடரைப் பற்றிப் பேசினால், தாங்கள் வேறு வேறு தொடரைப் பார்த்திருக்கிறோம் என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆகும். பார்வையாளர்களின் கருத்து வேறுபாடு என்கிறோமே, அதில் பாதி கருத்தே அல்ல, காதில் விழுந்தது வேறு என்பதுதான்.

எடிசனில் ஒரு மதியம் ‘மேஷ்’ ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காய் நறுக்கிக்கொண்டே காதை மட்டும் டிவியில் வைத்திருந்தாள். அறுவை சிகிச்சை அறைக் காட்சி வந்தது. கத்தி நின்றது.

“என்ன, எல்லாரும் பேசாம ஆயிட்டாங்க? போயிட்டாங்களா?”

நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். முகமூடி கட்டிய டாக்டர்கள் ஏதோ சொல்லிக்கொண்டே ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி முடியும்வரை அம்மா காயைத் தொடவில்லை. “பாவம், சின்னப் பையன்” என்றாள், மேஜைமேல் கிடந்தவனை. அத்தனை வாரத்தில் அம்மா அந்த டிவியில் ஒரு மனிதனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை அவளுக்குக் கூட்டம்தான் கேட்டிருக்கிறது. கூட்டம் நின்றதும் ஆள் தெரிந்தான்.

இத்தனையும் பெட்டியின் சிறிய பெருமைகள். அதன் ஆகப்பெரிய சாதனை வேறு, அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உண்மையான சிரிப்பையும் நாம் நம்பாதபடி செய்துவிட்டது.

‘சியர்ஸ்’ 1982இல் தொடங்கியது. பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் நடக்கும் கதை. கூட்டத்தின் முன்னால்தான் எடுத்தார்கள். டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்த ஜனங்கள், அவர்கள் தொண்டை, அவர்கள் சிரிப்பு. பார்வையாளர்களிடமிருந்து புகார் வந்தது, இந்த இயந்திரச் சிரிப்பு எரிச்சலாக இருக்கிறது என்று. அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது நடிகர்களில் ஒருவர், இது உண்மையான பார்வையாளர்களின் முன்னால் படமாக்கப்பட்டது என்று அறிவித்தாக வேண்டியிருந்தது. மனசாரச் சிரித்தவர் தன் சிரிப்புக்குச் சத்தியம் செய்ய வேண்டிய நிலை. முப்பது ஆண்டுகள் பெட்டி அத்தனை நன்றாக வேலை செய்ததன் கூலி அது. கூலியைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

இன்றைக்கும் ‘தி பிக் பாங் தியரி’யின் காட்சிகளில் சிரிப்பை மட்டும் அகற்றி யூடியூபில் போட்டிருக்கிறார்கள். நடிகர்கள் ஒரு வரி சொல்லிவிட்டு வெறித்து நிற்பதைப் பார்த்து, ‘பார்த்தாயா, சிரிப்பை எடுத்தால் ஒன்றுமே இல்லை’ என்று என் நண்பர்களே எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். இது அநியாயம். அந்த நடிகர்கள் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மனிதர்களுக்காக நின்றார்கள். அந்த மனிதர்களை வெட்டி எறிந்துவிட்டு, யாருக்காக நிற்கிறாய் என்று கேட்கிறோம். ‘தி ஆட் கப்பிள்’ செட்டில் ராண்டல் இல்லாத கூட்டத்துக்காக நின்றதும், இவர்கள் இருந்த கூட்டத்துக்காக நின்றதும் இப்போது பார்ப்பவருக்கு ஒன்றாகிவிட்டது. இரண்டையும் பிரித்தறியும் காது நமக்கு இருந்தது. அதை நம்பும் பழக்கம்தான் போய்விட்டது.

ஆரோன் சோர்க்கின் எழுதிய ‘ஸ்போர்ட்ஸ் நைட்’ 1998இல் வந்தபோதும் ஒளிபரப்பியவர்கள் வற்புறுத்திச் சிரிப்பைச் சேர்த்தார்கள். அது வாரத்துக்கு வாரம் தேய்ந்து மறைந்தே போனது. 2001இல் பிரிட்டனில் வந்த ‘தி ஆஃபீஸ்’ சிரிப்பொலி இல்லாமலே உலகம் சுற்றியது. ஆனாலும் பெட்டியின் வம்சம் அழிந்துவிடவில்லை. 2020இல் கொரோனாவால் ஐக்கிய அரபு அமீரகத்தின் காலி மைதானங்களில் ஐபிஎல் நடந்தபோது, பதிவு செய்த ஆரவாரம் சேர்த்துத்தான் ஒளிபரப்பினார்கள். சேப்பாக்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டோம். விக்கெட் விழுந்ததும் சத்தம் சரியாக உயர்ந்தது. எதிரணி வீரன் நல்ல ஷாட் அடித்ததும் அரங்கம் முழுக்க ஒரு கணம் அடங்குமே, அது மட்டும் வரவில்லை.

அம்மா ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் தங்கை ‘மேஷ்’ டிவிடி ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். அதில் சிரிப்பொலி இல்லாமல் பார்க்கவும் வசதி உண்டு. பேத்திதான் அதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். அம்மா முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். “வெறிச்சுன்னு இருக்கே” என்றாள். இருந்தாலும் பார்த்தாள்.

க்ளிங்கர் என்று ஒரு கார்ப்பொரல். ராணுவத்திலிருந்து எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பெண் உடை போட்டுக்கொண்டே திரிவான். மூக்கும் கால் ரோமமுமாக அவன் கவுனும் தொப்பியும் அணிந்து, துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு காவல் நின்றான். வசனம் ஒன்றும் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் அடுத்த காட்சி வந்து, அதில் இரண்டு பேர் ஏதோ பேசத் தொடங்கியபிறகு, குபீரென்று சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“பொடவை கட்டி மல்லிப்பூ வைக்காத கொறைதான்! அதையும் செஞ்சிருந்தா அனுப்பியிருப்பானுங்களோ என்னமோ, பாவம்!”

பாட்டி சிரிப்பதைப் பார்த்துப் பேத்திக்கும் தொற்றிக்கொண்டது. தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, என்ன?” என்றாள். “இன்னொரு தடவை போடு, அவளும் பாக்கட்டும்” என்றாள் அம்மா.

போட்டோம். க்ளிங்கர் அதே கவுனில் அதே இடத்தில் நின்றான். தங்கை சிரித்தாள். அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி, உட்கார்ந்திருந்தாள்.